தானியேல் வீட்டு மாடிப்படி

துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் பேசிக்கொண்டிருந்தன. ஒன்று சேட்டுவின் கை. உத்திரமேரூரில் பழைய மரமும் இரும்பும் வாங்கி விற்கிறவர். இன்னொன்று, வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த தானியேலின் கை. மருமகன் ஏசுதாஸ், சேட்டு கொண்டுவந்த வண்டியின் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். துண்டு அசைவது தெரிந்தது, விலை தெரியவில்லை. விலை அவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் துண்டே.

பேரம் ஒரு மாடிப்படிக்கு.

தானியேலின் வீட்டுக்கு மாடி கிடையாது. கூரை வீடு, உள்ளே ஏசுதாஸ் நிமிர்ந்தால் கழி தலையில் இடிக்கும். ஆனால் வாசலில் வீட்டைவிட உயரமாக ஒரு தேக்கு மாடிப்படி, அகலமான பலகைகளும் ஒரு பக்கம் கைப்பிடியுமாக, வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. ராத்திரியில் கோழிகள் அதில் தூங்கும், படிக்கு ஒன்றாக. சேவலுக்கு மேல்படி. பகலில் யார் வீட்டு ஆடாவது உச்சிவரை ஏறிவிட்டு, இறங்கத் தெரியாமல் தெருவையே கூப்பிடும்.

தானியேல் வீடு கட்டுகிறவர் அல்ல, பிரிக்கிறவர். சுற்றுவட்டாரத்தில் யார் பழைய வீட்டை இடித்தாலும் கடப்பாறையோடு போய் நிற்பார். கூலியில் பாதியைக் காசாக வாங்குவார். மீதிக்கு எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். அப்படி வந்தவைதான் சாவி இல்லாத பூட்டுகள் ஒரு கூடை, பூட்டு இல்லாத சாவிகள் ஒரு கூடை, சுவர் இல்லாத ஜன்னல் ஒன்று, மாட்டுவதற்கு உத்தரம் இல்லாத ஊஞ்சல் சங்கிலி ஒரு ஜோடி. பூட்டுக் கூடையையும் சாவிக் கூடையையும் ஏசுதாஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்திப் பார்த்தான். ஒன்றும் ஒத்துவரவில்லை. மாடிப்படி மானாம்பதியில் ஒரு மச்சு வீட்டைப் பிரித்தபோது கிடைத்தது. யார் கேட்டாலும் தானியேலிடம் ஒரே பதில்தான்: "கெடக்கட்டும். ஒரு நாளைக்கு ஆவும்."

ஏசுதாஸே அப்படி வந்து சேர்ந்தவன். தென்னேரிப் பக்கம் ஒரு வேலையில் சுவர் சரிந்து கால் பிசகிப் போனபோது, தானியேல் அவனையும் வண்டியில் ஏற்றி, கழற்றிய கதவுகளின் மேல் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கால் ஓரளவு சரியாவதற்குள் மகள் மலர்க்கொடிக்கும் அவனுக்கும் ஒத்துப்போயிற்று. கோயிலில் தாலியும் கட்டியாயிற்று. "இன்னா தானியேலு, போயும் போயும் இந்த நொண்டிப் பையனா?" என்று கல்யாணப் பந்தியில் யாரோ கேட்டார்கள். "கெடக்கட்டும். ஒரு நாளைக்கு ஆவான்" என்று சொல்லிவிட்டு மாமனார் இலையில் ரசத்தை இழுத்துக்கொண்டார். அந்த நாள் இன்னும் வரவில்லை என்பதை அதற்குப் பிறகு தினமும் பார்வையிலேயே நினைவுபடுத்தினார்.

குழந்தை பிறந்தபோது சங்கடம் முற்றியது. பூட்டுக் கூடைக்குள்ளிருந்து ஒரு தேள் இறங்கித் தூளிக்கு அடியில் நடந்துபோயிற்று. மலர்க்கொடி அதை விளக்குமாற்றால் அடித்தாள். அதே விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே தீர்ப்பும் சொன்னாள்.

"நைனா, இந்த வூட்ல ஒண்ணு இந்தக் குப்ப இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"தேளு இன்னா, போற வயியில போச்சு. கடிச்சிதா?"

மலர்க்கொடி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புள்ளலூரில் இருக்கும் அக்கா மேரி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது புருஷனிடம், "எல்லாம் போற அன்னிக்கு ஆள் அனுப்பு, வர்றேன்" என்றாள். ஏசுதாஸ் மாமனாரிடம் கெஞ்சினான். அவரோ, "பொண்ணு எங்கடா போய்டும், வந்துடும். தேக்குப்படி போச்சின்னா வருமா?" என்று கேட்டார். அதற்கு ஏசுதாஸிடம் பதில் இல்லை. அவனிடம் எதற்குமே பதில் இருந்ததில்லை. மாமனார் வீட்டில் சாப்பிடுகிறவன் பதிலையும் சேர்த்து விழுங்கப் பழகிவிடுவான்.

பிறகு தானியேலுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில், இனிமேல் வீட்டுக்குக் கூட்டிப்போய் அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மகளுக்குச் சொல்லி அனுப்பக்கூடாது, அவளே வரட்டும் என்று தானியேல் தடுத்துவிட்டார். ஏசுதாஸ் கருவாட்டுக் குழம்பு வைக்கட்டுமா, ரொட்டி வாங்கிவரட்டுமா என்றெல்லாம் கேட்டான்.

"சேட்டுவ வரச் சொல்லு" என்றார் தானியேல்.

கடைசியில் மனம் இறங்கிவிட்டார் என்று நினைத்து ஏசுதாஸ் பிசகிய காலோடு உத்திரமேரூருக்கு ஓடினான். அவருக்குப் பிடித்தது விற்பது அல்ல, பேரம் பேசுவது என்பது அப்போது அவன் மூளைக்கு எட்டவில்லை.

சேட்டு பழைய சாமானுக்கு வருமுன் சந்தையில் மாட்டுத்தரகு பார்த்தவர். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைகளின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் விரலை மற்றவர் பிடிப்பார். எத்தனை விரலோ அத்தனை பத்து. ஒத்துப்போனால் பிடியை விட்டு, கையை வெளியே எடுத்து, உள்ளங்கையில் ஒரு தட்டு. மாடு கைமாறியது சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியும், விலை தெரியாது. துண்டுக்கு அடியில் போன கைக்குத் தெருவும் கிடையாது. சேட்டு மேலத்தெருக்காரர். வெளிச்சத்தில் தானியேலின் கையைத் தொட்டவர் அல்ல. துண்டுக்குள் எத்தனையோ முறை தொட்டிருக்கிறார்.

"படிக்கட்டுக்கு எவனாச்சும் துண்டு போடுவானா பெரியவரே?" என்றுதான் அன்றும் ஆரம்பித்தார்.

"போட்டாத்தான் பேச்சு. வெல தெரிஞ்சா என் மாப்ள இன்னிக்கே பிளான் போட்டுடுவான்."

துண்டு விழுந்தது. எதிர்வீட்டுச் செங்கேணி முறத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டாள். சேட்டுவின் புருவத்தைப் பார்த்தே விலை சொல்லிவிடுவேன் என்பது அவளுடைய எண்ணம்.

"ஐயோ, இந்த வெலைக்கு நான் வண்டி மாட்டயும் சேத்து வித்துட்டு நடந்து போவணும்" என்றார் சேட்டு.

"தேக்குய்யா. நகத்தால கீறிப் பாரு" என்றார் தானியேல், கண்ணைத் திறக்காமல்.

"கீறினேன். கோளி எச்சந்தான் வருது."

"அது மேலுக்கு. உள்ள தேக்கு."

"அப்ப எச்சத்துக்குத் தனியா, தேக்குக்குத் தனியா வெல சொல்றியா?"

தானியேலுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியது. ஒரு மாதமாகச் சாம்பல் பூத்திருந்த முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருப்பதை ஏசுதாஸ் பார்த்தான். துண்டு துள்ளியது, இறங்கியது, மறுபடி துள்ளியது. மழை மேகம் தெற்கே திரண்டுகொண்டிருந்தது. ஏசுதாஸ் மனசுக்குள் படியை வண்டியில் ஏற்றி, வாசலைப் பெருக்கி, தூளி கட்டி, புள்ளலூருக்கு ஆளும் அனுப்பிவிட்டான்.

துண்டு நின்றது.

"ஏசுதாஸு, ஒன் மாமனாரு இன்னாபா இப்டி இறுக்கிப் புடிக்கறாரு?" என்றார் சேட்டு. "வெரல வுட்டுட்டு மணிக்கட்டப் புடிச்சிக்கினு கீறாரு."

"மணிக்கட்டுன்னா எவ்ளோ?" என்றாள் செங்கேணி.

"மணிக்கட்டுக்கு எந்தச் சந்தையிலயும் கணக்கு கெடையாதும்மா."

"ஒசத்திக் கேக்கறாரோ இன்னாவோ. நீயும் கொஞ்சம் ஒசத்தேன்."

சேட்டு துண்டுக்குள் இன்னொரு கையையும் விட்டு ஒரு விரல் உயர்த்தினார். பதில் இல்லை. பெருமூச்சு விட்டு இன்னொரு விரல் உயர்த்தினார். தானியேலின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. இவ்வளவு உறுதியாக விலைக்கு மறுக்கிற ஆளைச் சேட்டு தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. நெற்றியில் வியர்வை துளிர்க்க மூன்றாவது விரலுக்கும் வந்துவிட்டார். ஏசுதாஸுக்கு மாமனாரின் மேல் முதல்முறையாகப் பெருமையாக இருந்தது.

அப்போது படியிலிருந்த கருப்புக் கோழி கட்டிலுக்குத் தாவி, தானியேலின் மார்பின் மேல் நடந்து, தாடையைக் கொத்திப் பார்த்தது. தானியேல் அதை ஏசவில்லை.

செங்கேணியின் முறம் நின்றது. சேட்டு ஒரு கணம் கோழியைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "கை சில்லுனு ஆயிக்கினு வருதுபா" என்றார்.

மாடு ஒரு முறை மணியை ஆட்டியது. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஏசுதாஸ் துண்டை எடுக்கக் குனிந்தான். பிறகு சேட்டுவின் முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான். துண்டை எடுத்தால் உள்ளே இருப்பது தெருவுக்கே தெரியும்.

சேட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு தாமே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எல்லோரும் பார்த்தார்கள். தம் மணிக்கட்டைச் சுற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக, ஒடிந்துவிடுமோ என்கிற மாதிரி, மெதுவாகப் பிரித்து எடுத்து மார்பின் மேல் வைத்தார்.

"அப்ப படி?" என்று ஒரு குரல் கேட்டது. யாரடா இந்த நேரத்தில் இப்படிக் கேட்கிற பாவி என்று ஏசுதாஸ் திரும்பிப் பார்த்தான். பிறகுதான் அது தன் வாய் என்று தெரிந்தது.

சேட்டு கோபித்துக்கொள்ளவில்லை. தொழில்முறையாகவே பதில் சொன்னார். "பேரம் முடியலபா. கைய வுட்டாத்தான் முடிஞ்சிது. அவரு வுடல, நானா பிரிச்சேன். அது கணக்குல வராது."

புள்ளலூருக்கு ஆள் போயிற்று. அனுப்ப நினைத்த ஆள்தான்; சேதிதான் வேறு.

மலர்க்கொடி இருட்டுகிற நேரத்துக்கு அக்கா மேரியோடு வந்து சேர்ந்தாள். தெருமுனையிலேயே குரல் எடுத்துவிட்டாள். "ஊரு வூட்டையெல்லாம் வாரிக்கினு வந்தியே நைனா! ஒன்ன வாரிக்கினு போவப் போறாங்களே நைனா! சாவி கெடைக்கல பூட்டு கெடைக்கலன்னு தேடினியே..." கட்டிலருகே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏசுதாஸிடம் தாழ்ந்த குரலில், "இந்தப் படி இன்னுமா கீது?" என்றாள்.

"கீது."

"ஒனக்கு ஒரு வேல சொன்னா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு மறுபடி அப்பாவின் மேல் விழுந்து அழுதாள். மீதியை ஏசுதாஸ் தானே நிரப்பிக்கொண்டான். அது சிரமமாக இல்லை.

அன்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. விடிந்து உபதேசியார் வந்து ஜெபம் சொல்லும்போதுதான் கொஞ்சம் ஓய்ந்தது. கோயிலிலிருந்து பெட்டி வந்தது. அது எல்லோருக்கும் பொதுவான பெட்டி. சுமந்துபோய், கல்லறையில் ஆளை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கோயிலில் வைத்துவிட வேண்டும். தானியேல் கைக்கு வந்து திருப்பிக் கொடுக்கப்போகும் ஒரே சாமான் அதுதான் என்று ஏசுதாஸுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு முன்பக்கம் தோள் கொடுத்தான்.

பின்னாலே பார்த்தால் சேட்டு வந்துகொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு சேட்டு? சேறு."

"செத்த கையத் தொட்டுட்டேன், எப்டியும் தலைக்கு ஊத்தணும். அடக்கத்துக்கும் வந்துட்டு ஒரே குளியலா முடிச்சிக்கறேன்."

வாய்க்கால் வரையில் ஊர்வலம் ஒழுங்காகத்தான் போயிற்று. வாய்க்காலுக்கு இந்தக் கரை பள்ளம், அந்தக் கரை ஆள் உயரத்துக்கு மேல் மேடு. மேட்டின் மேல்தான் கல்லறை. குறுக்கே ஒரு பனந்துண்டு கிடக்கும். அதில் நடந்து, மேட்டில் வெட்டியிருக்கிற குழிகளில் கால் வைத்து ஏறவேண்டும். ராத்திரி வெள்ளத்தில் பனந்துண்டு போய்விட்டிருந்தது. குழிகள் கரைந்து மேடு வழவழவென்று நின்றது. கீழே செந்நீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

பெட்டியை இறக்கி வைத்தார்கள். "மேலத்தெரு வயியா சுத்திக்கினு..." என்று யாரோ ஆரம்பித்தார்கள். அந்த வழியாக இந்தப் பெட்டி இதுவரை போனதில்லை. சொன்னவரும் நிறுத்திவிட்டார், சேட்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி வடியட்டும்" என்றார் முனியன். தெருவில் மூத்தவர்.

"வானத்தப் பாரு மாமா. எங்க வடியறது?"

மலர்க்கொடி குழந்தையை முந்தானையால் மூடியபடி பெட்டியருகே குந்தினாள். தூறல் மூடியின் மேல் விழுந்தது. அவள் உள்ளங்கையால் அதைத் துடைத்தாள். மறுபடி விழுந்தது. மறுபடி துடைத்தாள்.

ஏசுதாஸ் மேட்டைப் பார்த்தான். பள்ளத்தைப் பார்த்தான். கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும்.

"நாலு பேர் வாங்க" என்றான்.

"எங்க?"

"எங்க வூட்ல ஒண்ணு கீது."

கேட்டவர்களுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு முனியனின் வாய் மெல்லத் திறந்தது. நாலு பேர் போதவில்லை, எட்டுப் பேர் போனார்கள். சேட்டுவும் போனார். "நான் வாங்க வந்த மாலு. கனம் எவ்ளோன்னு தெரிஞ்சிக்கறேன்" என்று கைப்பிடிப் பக்கம் தோள் கொடுத்தார். மழைக்கு ஒடுங்கிப் படியில் உட்கார்ந்திருந்த கோழிகளை விரட்டினார்கள். சேவல் மட்டும் மேல்படியை விடாமல் தெருமுனை வரை கூடவே வந்தது.

பள்ளத்தில் படியின் கால் இறங்கியது. தலை அந்தக் கரையின் உச்சியில் போய்ப் படிந்தது. அளவெடுத்துச் செய்தாற்போல என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது. கீழே கல் முட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பேர் ஏறிக் குதித்துப் பார்த்தார்கள். தேக்கு முனகக்கூட இல்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் ஏசுதாஸ். முதல் படியில் பிசகிய கால் நடுங்கியது. இடது கையால் தடவினான், கைப்பிடி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாக ஏறினான். காலுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. தோளில் மாமனார் கனத்தார், ஆனால் இடைஞ்சல் பண்ணவில்லை. பின்னால் உபதேசியார் ஒரு கையில் குடையும் ஒரு கையில் புத்தகமுமாக ஏறினார். இந்தப் படியைப் பற்றி அவருக்கு ஒரு நல்ல பிரசங்கம் வாய்வரை வந்தது. பாதியில் கால் வழுக்கி, "ஐயோ" என்பதோடு அது வாய்க்காலில் போயிற்று.

மேலே ஏறியதும் ஏசுதாஸ் பெட்டியின் பக்கம் திரும்பி, "மாமா..." என்றான். மண் போட்டார்கள். மலர்க்கொடியும் ஒரு பிடி போட்டாள்.

திரும்பும்போது பெட்டி லேசாக இருந்தது. இறங்கி முடித்ததும் எல்லோரும் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாராவது கேட்டாக வேண்டும். முனியன்தான் கேட்டார்.

"ஏசு, இத்த எப்ப எடுக்கறே?"

ஏசுதாஸ் மலர்க்கொடியைப் பார்த்தான். மலர்க்கொடி சேட்டுவைப் பார்த்தாள். சேட்டு குனிந்து பலகையை நகத்தால் கீறினார். எச்சமெல்லாம் மழையில் போய், கீறிய இடத்தில் தேக்கு பொன்னாகத் தெரிந்தது.

"நான் கேட்ட மாலு இது இல்லபா" என்றார். "சேறு பட்டுச்சி. சேறு பட்ட மரம் நான் தொடறதில்ல."

சேற்றிலிருந்து மரம் எடுத்தே பிழைத்தவர் அவர். யாரும் அதைச் சொல்லவில்லை.

"வேற எதனா இருந்தா சொல்லியனுப்பு" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப்பக்கம் குளிக்கப் போனார்.

சாயங்காலம் மழை விட்டது. மலர்க்கொடி வாசலைப் பெருக்கினாள். வேப்பமரத்தடியில் படியின் கால் அழுந்திய இரண்டு பள்ளங்களில் தண்ணீர் நின்றது. அவள் கேட்ட இடம் அதுதான். அகலமாக, வெறுமையாக இருந்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு பெருக்கினாள்.

"பூட்டுக் கூடைய நாளைக்கே சேட்டுக்கு அனுப்பிடு" என்றாள்.

"சரி."

"சாவிக் கூடையும்."

"சரி. மத்ததெல்லாம்?"

அவள் உள்ளே போய்க் குழந்தையைத் தூளியில் போட்டாள்.

கோழிகள் அடைய வந்தன. வேப்பமரத்தடியில் கூடி, கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்த்தன. இரண்டு தடவை சுற்றி வந்தன. கருப்புக் கோழி, முதல் படி இருந்த இடத்துக்கு ஒரு தாவல் தாவி, தரையிலேயே வந்து விழுந்தது. சேவல் மட்டும் நகராமல் மேல்படி இருந்த உயரத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

மலர்க்கொடி வாசற்படியில் வந்து நின்று பார்த்தாள்.

ஏசுதாஸ் எழுந்து வீட்டின் பின்பக்கம் போனான். அந்தச் சுவரில்லாத ஜன்னலை முதுகில் சுமந்துகொண்டு வந்து, பக்கவாட்டில் படுக்கவைத்து வேப்பமரத்தில் சாய்த்தான். அப்படி வைத்தபோது அதன் கம்பிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, சின்னப் படிகளைப் போல அமைந்தன. அவன் விலகி நின்று மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் விளக்குமாற்றைத் தேடவில்லை. உள்ளே போகவும் இல்லை.

கருப்புக் கோழி முதல் கம்பியில் ஏறிற்று. மற்றவையும் ஒவ்வொன்றாக ஏறி, இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. எல்லாம் அடங்கிய பிறகு சேவல் இன்னும் கொஞ்ச நேரம் கீழேயே நின்றது. பிறகு பறந்து மேல்கம்பியில் உட்கார்ந்து, வாய்க்கால் இருந்த திசையில் ஒரு முறை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.